எண்ணெய் வற்றிய லேனில் பந்தை எப்படித் தயார் செய்வது? – வாசகர் கேள்வி பதில்

டென்பின் பௌலிங் பற்றி இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: பந்து ஓடும் பாதையான லேனில் பூசிய எண்ணெய் குறைந்ததும் பந்து சொன்னபடி கேட்பதில்லை. பதில்கள் எல்லாம் வலது கைக்காரர்களைக் கருதி எழுதியவை. இடது கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். அவர்களுக்கென்று ஒரு கேள்வி கடைசியில் தனியாக இருக்கிறது.

கேள்வி: முதல் ஆட்டத்தில் பந்து அழகாகப் பாக்கெட்டில், அதாவது 1-க்கும் 3-க்கும் இடையே, நுழைகிறது. மூன்றாவது ஆட்டம் வரும்போது நேராக 1-ஆம் பின்னின் மூக்கில் மோதுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில், பாக்கெட்டிலேயே பட்டாலும் 10-ஆம் பின் நின்றுவிடுகிறது. பந்துக்குப் பாலிஷ் போட்டால் சரியாகுமா?

பதில்: பந்தில் கை வைப்பதற்கு முன்னால் லேனில் எந்த இடம் வறண்டிருக்கிறது என்று பாருங்கள். முன்பகுதி வறண்டால் ஒரு வைத்தியம், பின்பகுதி வறண்டால் வேறு வைத்தியம். ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும்.

பந்தை விடும் எல்லைக்கோடான ஃபவுல் லைனிலிருந்து 1-ஆம் பின் வரை 60 அடி. எண்ணெய் பொதுவாக முதல் 38 முதல் 42 அடி வரைதான் போடப்படுகிறது. அதற்கப்பால் லேன் எப்போதுமே காய்ந்துதான் இருக்கும். பந்து முதலில் வழுக்கும், பிறகு பிடிப்புக் கிடைத்துத் திரும்பும், கடைசியில் உருளும். பக்கவாட்டுச் சுழற்சி தீர்ந்து பந்து முழுதாக உருள ஆரம்பித்துவிட்டால் அதற்குமேல் அது திரும்பாது. இந்த மூன்றாவது நிலை பின்களை நெருங்கும்போது வரவேண்டும். எண்ணெய் முன்பகுதியில் வற்றிவிட்டால் அது 45-ஆவது அடியிலேயே வந்துவிடுகிறது. பந்து திரும்புவதென்னவோ திரும்புகிறது, ஆனால் சீக்கிரமாகத் திரும்பி, பலத்தையெல்லாம் வழியிலேயே செலவழித்துவிட்டு வருகிறது.

நல்ல ஸ்ட்ரைக்கில் (ஒரே வீச்சில் பத்துப் பின்னும் விழுவது) பந்து நேரடியாகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டுமே. மற்ற ஆறையும் பின்களே வீழ்த்திக்கொள்கின்றன. பலமிழந்த பந்து 1-ஆம் பின்னில் பட்டதும் வலது பக்கம் ஒதுங்கிவிடும். 5-ஆம் பின்னை முழுதாகப் பிடிக்காது. அப்போது 3-ஆம் பின் 6-ஐத் தள்ளும் கோணமும் மாறிவிடும். 10-ஆம் பின் நிற்கும்போது 6-ஆம் பின் எங்கே போகிறது என்று கவனியுங்கள். அது 10-இன் கழுத்தைச் சுற்றிப் பறந்து போனால் பந்தில் இன்னும் பலம் இருக்கிறது. கோணம் மட்டும் ஒரு நூலிழை தவறியிருக்கிறது. அது சோர்ந்துபோய்ப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்து 10-க்கு முன்னால் கிடந்தால், பந்து செத்து வருகிறது என்று பொருள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் முதலில் அதிகத் திருப்பம், பிறகு பலக்குறைவு என்ற வரிசை தெரிகிறது. முன்பகுதி வறண்டதற்கு இதுதான் அடையாளம்.

உறுதிப்படுத்த இரண்டு சோதனைகள். வேகத்தை மணிக்கு மூன்று கிலோமீட்டர் கூட்டி, அதே வழியில் ஒரு பந்து போடுங்கள். பின்கள் மறுபடி கலகலவென்று விழுந்தால் பலம் முன்பகுதியில்தான் வீணாகிக்கொண்டிருந்தது. அடுத்து, கால் நிற்கும் இடத்தை ஐந்து போர்டு (லேனின் நீளவாக்கில் ஓடும் பலகைகள்), குறி பார்க்கும் இடத்தை மூன்று போர்டு இடப்பக்கம் தள்ளி ஒரு பந்து. அங்கே பழையபடி வேலை செய்தால், வற்றியது நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்த தடம் மட்டும்தான். பந்தைத் தொடவே வேண்டாம்.

பாலிஷ் கடைசியில் வரவேண்டிய யோசனை. முதலில் நிற்கும் இடம், அடுத்து வேகமும் கையும், அதற்குப் பிறகுதான் பந்தின் மேற்பரப்பு அல்லது வேறு பந்து. லேஅவுட், அதாவது பந்தில் துளைகள் எங்கே என்பது, ட்ரில் போடும் நாளில் எடுக்கும் முடிவு. அதை ஆட்டத்தின் நடுவே மாற்ற முடியாது.

கேள்வி: எண்ணெய் குறைந்துவிட்டது என்பதைப் பந்து தவறுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. திரும்பி வரும் பந்தைத் துடைப்பதற்கு முன் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் வளையங்கள் தெரியும். பந்து ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தள்ளிப் புதிய இடத்தில் உருள்வதால் வருபவை இவை. ஃப்ளேர் என்பது இதுதான். முதல் ஆட்டத்தில் வளையங்கள் ஈரமாக, தடிப்பாக இருக்கும். மூன்றாம் ஆட்டத்தில் அதே வளையங்கள் நூல் போல மெலிந்தோ, சில இடங்களில் அறுந்தோ தெரிந்தால் உங்கள் தடத்தில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு லேனில் போடும் எண்ணெயே மொத்தம் சுமார் 20 முதல் 30 மில்லி. ரியாக்டிவ் ரெசின் மேலோடு கொண்ட பந்துகள் அதை உறிஞ்சக்கூடியவை. அப்படி நாலைந்து பந்துகள் ஒரே தடத்தில் ஓடினால் எவ்வளவு நேரம் தாங்கும்?

இன்னொன்று, அம்புக்குறிகளைத் தாண்டும்வரை பந்தைப் பாருங்கள். நம்மில் பலர் கை விட்டதும் பின்களைத்தான் பார்க்கிறோம். அம்புக்குறி வரிசை ஃபவுல் லைனிலிருந்து ஏறத்தாழ 15 அடியில் இருக்கிறது. அங்கேயே பந்து முன்னோக்கி உருளத் தொடங்குவது போலத் தெரிந்தால் முன்பகுதி காய்ந்துவிட்டது. அதுவரை சறுக்கிப் போய், கடைசி 15 அடியில் மட்டும் சடாரென்று வெட்டித் திரும்பினால் கோளாறு பின்பகுதியில்.

கேள்வி: வீட்டில் பந்தைச் சுழற்றித் தேய்க்கும் ஸ்பின்னர் இயந்திரம் இல்லை. கையாலேயே மேற்பரப்பை மாற்ற முடியுமா? எந்த எண் பேடில் தொடங்கி எங்கே நிறுத்துவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். வேண்டியவை: 500, 1000, 2000, 4000 எண் கொண்ட (எண் கூடக் கூட மேற்பரப்பு வழவழப்பாகும்) ஈரத்தில் தேய்க்கும் நுரைப் பேடுகள், தண்ணீர் தெளிப்பான், இரண்டு பஞ்சுத் துணிகள், பந்து உருளாமல் உட்கார ஒரு வளையம் அல்லது அகன்ற கிண்ணம், பந்து துடைக்கும் திரவம் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்.

முதல் வேலை சுத்தம். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால் பேடின் மணல் அடைத்துக்கொள்ளும். அது வெட்டாமல் மெழுகும். பந்தைத் துடைத்து, துணியில் கருப்பு வராமல் போகும்வரை துடைத்து, காய விடுங்கள்.

பேடையும் பந்தையும் நனைத்துக்கொண்டு உள்ளங்கை முழுதும் படும்படி தேய்க்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தினால் அங்கங்கே குழி போலக் கீறல் விழும். பந்தை ஆறு பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மேலே, கீழே, சுற்றிலும் நான்கு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிமிடம். அரை நிமிடம் ஒரு திசையில், அரை நிமிடம் அதற்குக் குறுக்கே. தண்ணீர் பால் போலக் கலங்கும். அது காய்வதற்குள் துடைத்து, பேடை அலசிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். விரல் துளைகளின் விளிம்பில் பேடு மாட்டிக்கொள்ளாமல் தட்டையாகப் பிடியுங்கள். துளைக்குள் தண்ணீர் இறங்காமல் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுவது நல்லது.

500-இலிருந்து நேராக 4000-க்குத் தாவாதீர்கள். 500 போட்ட ஆழமான கீறலை 4000 அழிக்காது. அதன் முனையை மட்டும் மழுக்கும். பந்து பார்வைக்கு மினுமினுக்கும், ஆனால் அடியில் கீறல் இருப்பதால் லேனில் அது எதிர்பார்த்ததைவிட முரட்டுத்தனமாகப் பிடிக்கும். 500, 1000, 2000 என்று படிப்படியாகப் போகும்போது ஒவ்வொரு படியிலும் முந்தைய கீறல் மறைந்துவிட்டதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நகருங்கள்.

எங்கே நிறுத்துவது? எண்ணெய் வற்றிய லேனுக்குக் கையால் தேய்ப்பவர்கள் 3000-இலோ 4000-இலோ நிறுத்திக்கொள்ளலாம் என்பதே எங்கள் கருத்து. பாலிஷ் திரவத்தைக் கையால் சீராகப் பரப்புவது கடினம். ஒரு பக்கம் கண்ணாடி போலவும் ஒரு பக்கம் புகை படிந்தது போலவும் ஆகிவிடும். பந்து ஒவ்வொரு வீச்சிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். பாலிஷ் கட்டாயம் வேண்டுமென்றால் ட்ரில் போடும் கடையில் ஸ்பின்னரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அப்போது பாலிஷுக்கு அடியில் என்ன எண் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 500-க்கு மேல் போட்ட பாலிஷ் முன்னால் வழுக்கி, பின்னால் பலமாகக் கடிக்கும். 2000-க்கு மேல் போட்டால் முழுதும் அமைதியாக இருக்கும். வறண்ட லேனுக்கு இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும்.

பேடின் வயதையும் கணக்கில் வையுங்கள். பலமுறை பயன்படுத்திய 1000 பேடு புதிய 2000 போலத்தான் வேலை செய்யும். ஒரு நிறுவனத்தின் 1000-மும் இன்னொரு நிறுவனத்தின் 1000-மும் ஒரே மாதிரி கீறல் விடுவதில்லை. அதனால் அப்ரலான் என்றால் அப்ரலான், சியாஏர் என்றால் சியாஏர் என்று ஒன்றையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். செய்த தேதியையும் எண்ணையும் பந்துப் பையில் ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்தால் பிறகு குழம்ப வேண்டியதில்லை.

கேள்வி: என் பலமான பந்துக்கு நன்றாகப் பாலிஷ் போட்டேன். இப்போது ஒரு பந்து திரும்பாமல் நேராகப் போகிறது, அடுத்தது பாக்கெட்டைத் தாண்டி மறுபக்கம் பாய்கிறது. கை ஒரே மாதிரிதான் போடுகிறது.

பதில்: கையில் தவறில்லை. நடுவில் இன்னும் எண்ணெய் இருக்கிறது, வெளிப்பக்கம் வற்றியிருக்கிறது. பாலிஷ் போட்ட பந்து எண்ணெயில் சிறிதும் பிடிக்காது. காய்ந்த இடத்தைத் தொட்டதும் சேமித்த பலத்தை மொத்தமாகக் கொட்டும். ஆகவே உங்கள் பந்து ஒரு போர்டு உள்ளே போனால் திரும்பாமல் போகும், ஒரு போர்டு வெளியே போனால் பாய்ந்துவிடும். தவறுவதற்கான இடைவெளியே இல்லாமல் போய்விட்டது.

வறண்ட லேன் என்றாலே பாலிஷ் என்று சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். அது பாதி உண்மை. பெரிய கோர் (உள்ளே இருக்கும் கனமான கரு), அதிகப் பிடிப்புள்ள கவர்ஸ்டாக் (மேலோடு) கொண்ட பந்துக்கு மேல் பூச்சாகப் பளபளப்பு ஏற்றினால் அது சாதுவான பந்தாகிவிடாது. தாமதமாகக் கோபிக்கும் பந்தாகத்தான் ஆகும். சாதுவான கவர்ஸ்டாக், சின்ன கோர் உள்ள பந்தை 2000 அல்லது 3000-இல், பாலிஷ் இல்லாமல் வைத்துப் போட்டுப் பாருங்கள். அது நடுப்பகுதியிலேயே கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் எண்ணெய்க்கும் காய்ந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மென்மையாக்கிவிடும். வேறு பந்து இல்லையென்றால் 4000 பேடை ஈரத்தில் இலேசாக ஓட்டி அந்தக் கண்ணாடிப் பளபளப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். பக்கத்துக்கு இருபது விநாடி போதும்.

கேள்வி: வறண்ட லேனுக்கென்றே ஒரு பந்து வாங்கப் போகிறேன். ட்ரில் போடுபவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: இரண்டு முடிவுகள்: எந்தப் பந்து, அதில் துளைகள் எங்கே.

பந்தின் பெட்டியில் அல்லது தயாரிப்பாளரின் விவரத்தாளில் ஆர்.ஜி., டிஃபரென்ஷியல் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஆர்.ஜி. என்பது பந்தின் எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதற்கான அளவு, விதிப்படி 2.46 முதல் 2.80 அங்குலம் வரை இருக்கலாம். குறைந்த எண் என்றால் சீக்கிரம் சுழன்று எழும். வறண்ட லேனுக்கு 2.55-க்கு மேல் பாருங்கள். டிஃபரென்ஷியல் ஃப்ளேரின் அளவைச் சொல்வது. உச்ச வரம்பு 0.060. உங்களுக்கு வேண்டியது 0.030 சுற்றுவட்டாரத்தில். ஃப்ளேர் குறைந்தால் பந்து தன் பழைய தடத்துக்கு அருகிலேயே, ஏற்கெனவே எண்ணெய் பட்ட இடத்திலேயே திரும்ப உருளும். பிடிப்பு தானாகக் குறையும். கோர் சமச்சீரானதாக இருக்கட்டும். கவர்ஸ்டாக் பேர்ல் அல்லது ஹைப்ரிட் வகை போதும். பெரிய எண்ணெய்க்கென்று விற்கும் சாலிட் வகை இந்த வேலைக்கு வேண்டாம்.

இனி துளைகள். நீங்கள் பந்தை விடும்போது அது எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறதோ அதுதான் உங்கள் அச்சுப் புள்ளி; பி.ஏ.பி. என்று சொல்வார்கள். இது ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் வீசிய பந்தில் பதிந்த எண்ணெய் வளையத்தை வைத்து ட்ரில் போடுபவர் இதை அளந்துவிடுவார். அளக்காமல் பொதுவான ஓர் அளவில் துளை போட்டுத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; வறண்ட லேனுக்கான பந்தில் அரை அங்குல வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பந்தின் மேல் தெரியும் சிறிய வண்ண வட்டத்துக்கும் பின் என்றுதான் பெயர்; லேன் கடைசியில் நிற்கும் பின் அல்ல. கோரின் உச்சி அங்கே இருக்கிறது. அந்தப் பின்னுக்கும் அச்சுப் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் ஃப்ளேரைத் தீர்மானிக்கிறது. 3⅜ அங்குலத்தில் ஃப்ளேர் உச்சம். அதிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குறையும். 0-விலும் 6¾ அங்குலத்திலும் அநேகமாக இல்லாமலே போகும். இரு பக்கமும் ஃப்ளேர் குறையும் என்றாலும் பந்தின் குணம் ஒன்றல்ல. 5 முதல் 5½ அங்குலத்தில் வைத்தால் பந்து தாமதமாக எழுந்து நீளமாகப் போகும். முன்பகுதி காய்ந்துவிடும் இடங்களில் விளையாடுபவருக்கு இது பொருந்தும். 1½ முதல் 2 அங்குலத்தில் வைத்தால் பந்து சீக்கிரமே நிதானமாக உருளத் தொடங்கும், பின்னால் பாயாது. பின்பகுதி வெட்டுகிறது என்பவருக்கு இது. இதைச் சொல்லாமல் வறண்ட லேனுக்கு என்று மட்டும் சொன்னால் ட்ரில் போடுபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இன்னொரு கோணமும் உண்டு. அச்சுப் புள்ளி வழியாக மேலும் கீழுமாகச் செல்லும் கோட்டுக்கும், பின்னையும் அச்சுப் புள்ளியையும் இணைக்கும் கோட்டுக்கும் இடையிலான கோணம். இதை 60 அல்லது 70 டிகிரிக்குக் கொண்டுபோனால் பின் விரல்துளைகளுக்குக் கீழே இறங்கும். வழுக்கலிலிருந்து உருளலுக்கு மாறுவது மெதுவாக நடக்கும். 30 டிகிரி என்றால் பின் மேலே ஏறும், மாற்றம் சட்டென்று நடக்கும். பின்பகுதி பாய்கிறது என்று புலம்புபவர்கள் 30-ஐக் கேட்டு வாங்கக்கூடாது.

எடையைக் குறைத்தால் திருப்பம் குறையும் என்று நினைத்து ஒரு பவுண்டு குறைவான பந்து வாங்க வேண்டாம். எடை குறைந்த பந்து பின்னில் பட்டதும் அதிகமாக ஒதுங்கும். வறண்ட லேனில் ஏற்கெனவே இருக்கும் நோயே அதுதான்.

கேள்வி: பழைய பந்தில் கூடுதலாக ஒரு துளை போட்டு ஃப்ளேரைக் குறைக்கலாம் என்கிறார் நண்பர்.

பதில்: 2020 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு யு.எஸ்.பி.சி. (அமெரிக்க பௌலிங் காங்கிரஸ்) விதியின் கீழ் நடக்கும் போட்டிகளில் அது செல்லாது. விரல் நுழைக்காத துளை எதுவும் பந்தில் இருக்கக்கூடாது. கட்டைவிரலை நுழைக்காமல் இரு கையால் வீசுபவர் என்றால் கட்டைவிரல் துளையும் இருக்கக்கூடாது. பழைய துளைகளை அடைத்துவிட்டுப் பின்–அச்சுப் புள்ளித் தூரத்தை மாற்றி மறுபடி ட்ரில் போடுவதுதான் வழி. பந்தின் கவர் இன்னும் உயிரோடு இருந்தால் அது பயனுள்ள செலவே. அடைத்த பசை முழுதாக இறுகுவதற்கு முன் ட்ரில் போட்டால் விளிம்பு பிசிறும்; கடைக்காரர் நாளைக்கு வாருங்கள் என்றால் அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: யூரித்தேன் பந்து வறண்ட லேனுக்கு நல்லது என்கிறார்கள். பிளாஸ்டிக் பந்திலேயே ஸ்ட்ரைக் போடலாம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: யூரித்தேன் பின்பகுதியில் பாயாது. அதுதான் அதன் சிறப்பு. ஆனால் முன்பகுதியில் அது ரியாக்டிவ் பேர்ல் பந்தைவிடச் சீக்கிரமே பிடிக்கக்கூடியது. குறிப்பாக, கடையிலிருந்து வரும்போதே 500 போன்ற கரடுமுரடான மேற்பரப்போடு வரும் வகைகள். ஆகவே குட்டையான எண்ணெய்ப் பேட்டர்னுக்கு, அதாவது முன்னால் எண்ணெய் இருந்து பின்னால் 25 அடி காய்ந்திருக்கும் லேனுக்கு, யூரித்தேன் மிக நன்றாக ஓடும். முன்பகுதியே எரிந்துபோன லேனில் அதே பந்து பாக்கெட்டுக்கு வந்து சேரும்போது உயிரில்லாமல் வரும். வறண்டது எங்கே என்று முதல் பதிலில் கேட்டதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். யூரித்தேனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: எண்ணெயை உறிஞ்சாமல் முன்னோக்கி இழுத்துக்கொண்டு போகும். ஒரே தடத்தில் நிறையப் பேர் யூரித்தேன் போட்டால் 40 அடிக்கு அப்பால் எண்ணெய் படிந்து, திரும்ப வேண்டிய இடத்தில் பந்து திரும்பாது.

குட்டைப் பேட்டர்னில் எங்கே குறி வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு: எத்தனை அடி நீளத்துக்கு எண்ணெய் போட்டிருக்கிறதோ அதிலிருந்து 31-ஐக் கழியுங்கள். 40 அடி என்றால் பந்து அதிகபட்சம் வெளியே போய்த் திரும்ப வேண்டிய இடம் வலமிருந்து 9-ஆம் போர்டு. 35 அடி என்றால் 4-ஆம் போர்டு. இது தொடக்கப் புள்ளிதான். எண்ணெய் வற்ற வற்ற உள்ளே நகர்ந்துகொண்டே வரவேண்டும்.

பிளாஸ்டிக் பந்து ஸ்பேருக்குத்தான், அதாவது இரண்டாம் வீச்சில் மிச்சப் பின்களை வீழ்த்தத்தான். எலும்பாய்க் காய்ந்த லேனில், அதிகமாகச் சுழற்றுபவர் அதை ஸ்ட்ரைக்குக்கும் போடலாம். வேறு எதுவும் நிற்காதபோது மட்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே பந்து. மேற்பரப்பை மாற்றவும் மனமில்லை. ஆட்டத்தின் நடுவே என்ன செய்யலாம்?

பதில்: ஒரே பந்தோடு நிறையச் செய்யலாம். முதலில் கால். பந்து அதிகமாகத் திரும்பத் தொடங்கியதும் காலை இரண்டு போர்டும் குறியை ஒரு போர்டும் இடப்பக்கம் நகர்த்துங்கள். காலை மட்டும் நகர்த்திக் குறியை அப்படியே வைத்தால் கோணம் வெளிப்பக்கமாகத் திறக்கும். அம்புக்குறி 15 அடியில், பின் 60 அடியில் இருப்பதால் காலில் ஒரு போர்டு என்பது நேர்கோட்டில் பின்னருகே மூன்று போர்டாகும். வெளியே காய்ந்திருக்கும்போது இது பந்தைக் காய்ந்த இடத்துக்குள்ளேயே தள்ளிவிடும். இரண்டுக்கு ஒன்று என்று நகர்ந்தால் பந்து இன்னும் எண்ணெய் மிச்சமிருக்கும் போர்டுகளில் பயணிக்கும். நகரத் தயங்காதீர்கள். பலர் ஒரு போர்டு நகர்ந்துவிட்டு நான்கு ஃப்ரேமை (ஆட்டத்தின் சுற்றை) இழக்கிறார்கள். வறண்ட லேனில் ஒரே தாவலில் நான்குக்கு இரண்டு போவதும் சரியே.

அடுத்து வேகம். தோளால் இழுத்து வேகம் சேர்த்தால் குறி கெடும். தொடக்கத்தில் பந்தைப் பிடிக்கும் உயரத்தைப் பத்து சென்டிமீட்டர் கூட்டுங்கள்; ஊசல் உயரமாகி வேகம் தானாக வரும். கடைசி இரண்டு அடிகளைக் கொஞ்சம் விரைவாக வையுங்கள்.

பிறகு கை. பந்தை விடும்போது விரல்கள் பக்கவாட்டில் சுற்றினால் திருப்பம் கூடும். கையைப் பந்துக்குப் பின்னாலேயே வைத்து, கைகுலுக்கும் நிலைக்கு வராமல் விட்டால் பக்கச் சுழற்சி குறையும். பின்பகுதி பாய்வதற்கு இது நல்ல மருந்து. முன்பகுதி காய்ந்ததற்கு வேறு ஒன்று: பந்தை ஃபவுல் லைனுக்கு மூன்று, நான்கு அடி அப்பால் தரையிறக்குங்கள். எண்ணெய் எரிந்த அந்த முதல் சில அடிகளைப் பந்து தொடாமலே தாண்டிவிடும். தூக்கி எறிவதல்ல, விடும் நேரத்தை ஒரு கணம் தள்ளிப்போடுவது. கட்டைவிரல் துளை இறுக்கமாக இருந்தால் இது கைகூடாது, பந்து தொப்பென்று விழும். துளைக்குள் ஒட்டியிருக்கும் டேப்பில் ஒன்றை உரித்துப் பாருங்கள்.

ஸ்பேருக்கு ஒரு வார்த்தை: 10-ஆம் பின்னுக்குத் திருப்பத்தை நம்பாதீர்கள். ஸ்பேருக்கும் அதே பந்தைப் போட வேண்டியிருந்தால், வறண்ட லேனில் கை நேராக, வேகமாக, லேனின் குறுக்கே இடமிருந்து வலமாக.

கேள்வி: போட்டி நடக்கும்போது பேடு போட்டுக்கொள்ளலாமா?

பதில்: யு.எஸ்.பி.சி. விதிப்படி போட்டி தொடங்கிய பிறகு மேற்பரப்பை மாற்றக்கூடாது. தொடங்குவதற்கு முந்தைய பயிற்சி வீச்சு நேரத்தில் செய்யலாம். செய்தால் பந்து முழுவதும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், தடம் ஓடும் பட்டையை மட்டும் தேய்க்கக்கூடாது. 2019 ஆகஸ்டில் போட்டியின் நடுவே திரவம் போட்டுத் துடைப்பதற்கும் தடை வந்தது. காய்ந்த துணியால் துடைக்கலாம். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் துடையுங்கள், வறண்ட லேனிலும்கூட. ஒரு முறை துடைத்து ஒரு முறை விட்டால் பந்தின் பிடிப்பு வீச்சுக்கு வீச்சு மாறும். லேன்தான் மாறிவிட்டது என்று நினைத்துத் தேவையில்லாமல் நகருவீர்கள். உங்கள் போட்டிக்குத் தனி விதித்தாள் இருந்தால் அதை முதலில் படித்துவிடுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் பந்து அதிகமாகத் திரும்பும் வறண்ட லேனில் எனக்கு மட்டும் திரும்பவே இல்லை. பந்துக்கு வயது நூறு ஆட்டத்துக்கு மேல்.

பதில்: பந்து எண்ணெயைக் குடித்துவிட்டது. கூடவே தடம் ஓடும் பட்டை மழுங்கி வழவழப்பாகியிருக்கும். துளைகளை நீர் புகாத டேப்பால் மூடி, கை பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில், சுமார் 50 டிகிரி செல்சியஸ், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து இருபது நிமிடம் மூழ்க வையுங்கள். எடுத்ததும் வெளியே கசிந்த எண்ணெயை உடனே துடைத்துவிடுங்கள். ஆற விட்டால் திரும்ப உள்ளே போகும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும் வரை, புதுத் தண்ணீரில் திரும்பச் செய்யுங்கள். இதற்கு முன் பந்தை 500 பேடால் தேய்த்து மேற்பரப்பின் நுண்துளைகளைத் திறந்துகொண்டால் எண்ணெய் எளிதில் வெளியேறும். கொதிநீர், அடுப்பு, வெயில் மூன்றும் கூடாது. கவர் விரிந்து வெடித்துவிடும். ஒரு நாள் முழுதும் நிழலில் ஆறிய பிறகு டேப்பை எடுத்து, 1000, 2000 என்று முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் இடது கைக்காரி. வலப்பக்கம் எல்லோரும் நகர்ந்துகொண்டே இருக்கும்போது என் பக்கம் அப்படியே இருக்கிறது. நானும் பந்தை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். இடப்பக்கத் தடத்தில் ஓடும் பந்துகள் குறைவு. எண்ணெய் அங்கே மெதுவாகத்தான் குறையும். வலப்பக்கத்தில் இரண்டாம் ஆட்டத்தில் நடப்பது உங்களுக்கு நான்காம் ஆட்டத்தில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அவர்கள் பந்தை மாற்றுவதைப் பார்த்து நீங்களும் வழுக்கும் பந்தை எடுத்தால் அது திரும்பாமல் போய்விடும். உங்கள் பந்தின் எண்ணெய் வளையத்தை மட்டும் நம்புங்கள். ஆனால் உங்கள் அணியிலும் எதிரணியிலும் சேர்த்து இன்னும் இரண்டு இடது கைக்காரர்கள் இருந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது முதல் ஆட்டத்திலிருந்தே வளையத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். மெலிந்தது தெரிந்ததும் கால் இரண்டு, குறி ஒன்று என்று வலப்பக்கம் நகருங்கள்.